பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்குக் கோதுமையை நிறுத்தலாமா?

ஆறு வயது மகன். பெருமூளை வாதத்தால் கை கால் நான்கிலும் இறுக்கம், தானாக உட்கார முடியாது. எடை 12 கிலோ. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, நடுவில் இருமுகிறான், நான்கு நாளைக்கு ஒருமுறைதான் மலம் கழிக்கிறான், வலிப்புக்கு வால்ப்ரோயேட் கொடுக்கிறீர்கள். தெரிந்தவர் ஒருவர் கோதுமையை நிறுத்தினால் இறுக்கம் தளரும் என்று சொன்னதால் மூன்று வாரமாக நிறுத்தியிருக்கிறீர்கள். இரவில் முன்பைவிட நன்றாகத் தூங்குகிறான். இதைத் தொடரலாமா, இன்னும் என்னென்ன நிறுத்த வேண்டும் என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குளூட்டன் அவனுடைய மூளையையும் தசையையும் பாதிக்கிறதா என்பது நீங்கள் கேட்டது. ஆறு வயதில் 12 கிலோ ஏன் என்பது நீங்கள் கேட்காமல் விட்டது. இரண்டாவதுதான் அவசரமானது. ஆனாலும் குளூட்டன் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கான இரத்தப் பரிசோதனையை எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவு தூரம் அதன் பதில் மங்கிக்கொண்டே போகும்.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம். அதனால் உடலுக்குக் கேடு வரும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட நோய் சீலியாக். அதில் உடலின் எதிர்ப்பாற்றல் குளூட்டனைக் கண்டு சிறுகுடலின் உறிஞ்சும் சுவரையே தாக்குகிறது. மக்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெருமூளை வாதம் உள்ள குழந்தையும் அந்த 100 பேரில் ஒருவனாக இருக்கலாம். இப்படிப்பட்ட குழந்தைகளிடம் சீலியாக் கண்ணில் படாமல் போவது எளிது. எடை ஏறாமை, குட்டையான உடல், மலச்சிக்கல், உப்பிய வயிறு, இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் சரியாகாத இரத்தசோகை, எலும்பு மெலிவு என்று அதன் அடையாளங்கள் எல்லாவற்றையும் "அவனுக்கு மூளைவாதம், அதனால்தான்" என்ற ஒரே வரியில் தள்ளிவிட முடிகிறது. ஆகவே உங்கள் மகனுக்குச் சீலியாக் இருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலை இல்லை. பார்த்தே ஆகவேண்டும்.

ஐயம் தொடங்குவது இதற்கு அப்பால். குளூட்டன் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் என்பது உண்மைதான். குளூட்டன் அட்டாக்சியா என்ற நிலையில் சிறுமூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடும். ஆனால் அது பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு வருவது, காலப்போக்கில் கூடிக்கொண்டே போவது. பிறப்பையொட்டி மூளைக்கு ஏற்பட்ட, மேலும் பரவாத காயத்தால் வரும் தசை இறுக்கத்தோடு அதைச் சேர்த்துப் பேசக்கூடாது. இன்னொன்று, ஸ்வீடனில் 2009 முதல் 2014 வரை வெளிவந்த சில ஆய்வுகள் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் குளூட்டனுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்பாற்றல் உருவாக்கும் புரதங்கள், கூடுதலாக இருப்பதைக் காட்டின. குளூட்டன் நிறுத்தச் சொல்பவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அவற்றை முழுதாகப் படித்தால் வேறு இரண்டு செய்திகளும் கிடைக்கும். குளூட்டனோடு நிற்காமல் பால் போன்ற மற்ற உணவுப் புரதங்களுக்கும் ஆன்டிபாடி கூடியிருந்தது. உடல் மிகவும் பாதிக்கப்பட்ட, எடை குறைந்த குழந்தைகளிடம்தான் அது அதிகம். இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். உணவு குழந்தையைக் கெடுத்திருக்கலாம். அல்லது, சத்துக்குறைவால் குடற்சுவர் பலவீனமாகி, முழுதாகச் செரிக்காத புரதம் உள்ளே கசிந்து ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வுகளால் சொல்ல முடியாது. கோதுமையை நிறுத்தியதால் பெருமூளை வாதத்தின் இறுக்கம் குறைந்தது என்று முறையான ஒப்பீட்டு ஆய்வு எதுவும் நிறுவவில்லை.

அப்படியானால் தூக்கம் ஏன் கூடியது? நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. குளூட்டன் இல்லாமலேயே அதற்குப் பல காரணங்கள் இருக்கமுடியும் என்கிறேன். கோதுமை ரொட்டி மென்று உருட்ட வேண்டிய உணவு. நாக்கையும் தாடையையும் கட்டுப்படுத்த முடியாத குழந்தை அதை வாயில் வைத்துக்கொண்டே இருப்பான், துகள் தொண்டையில் தங்கும், புரை ஏறும். அந்த இடத்துக்குக் குழைவான சோறோ கஞ்சியோ வந்தவுடன் சாப்பாட்டு நேரம் குறையும், இருமல் குறையும், வயிறு நிறையும். வயிறு நிறைந்த குழந்தை தூங்குவான். இரண்டாவதாக, கோதுமையில் ஃப்ரக்டன் என்ற செரிக்காத மாவுச்சத்து வகை இருக்கிறது. மலம் தேங்கிய குடலில் அது நொதித்து வாயுவாகி வயிற்றை இழுத்துப் பிடிக்கும். குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களே நம்பிய பெரியவர்களிடம் நார்வேயில் நடந்து 2018இல் வெளியான ஒரு ஆய்வு எது எதில் கலந்திருக்கிறது என்று தெரியாதபடி குளூட்டனையும் ஃப்ரக்டனையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தது. தொந்தரவு அதிகம் தந்தது ஃப்ரக்டன்தான்.

மூன்றாவது காரணம் எல்லாவற்றையும்விட முக்கியம். இறுக்கம் உள்ள குழந்தைக்கு உடலில் எங்கே வலித்தாலும் இறுக்கம் கூடும். தேங்கிய மலம், எதுக்களித்து மேலே வரும் அமிலம், சொத்தைப் பல், இடத்தைவிட்டு நழுவும் இடுப்பு மூட்டு, காது வலி, யாரும் கவனிக்காத எலும்பு முறிவு, எதுவானாலும் அவன் முதுகை வளைத்து விறைப்பான், இரவில் விழித்துக்கொள்வான். வாய்விட்டுச் சொல்ல முடியாதவனின் வலி தசை வழியாகத்தான் வெளியே தெரிகிறது. எனவே ஒரு உணவை நிறுத்தி இறுக்கம் குறைந்தால், அந்த உணவு மூளையைப் பாதித்தது என்பதைவிட, வயிற்றில் இருந்த ஏதோ ஒரு வலி குறைந்திருக்கிறது என்பதே நிகழக்கூடிய விளக்கம். அந்த வலியைத் தேடிப் பிடிப்பதுதான் நம் வேலை.

இப்போது பரிசோதனை. டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி, கூடவே மொத்த ஐஜிஏ அளவு, இந்த இரண்டும் போதும். ஐஜிஏ, ஐஜிஜி என்பவை ஆன்டிபாடியின் வகைகள். மொத்த ஐஜிஏவைச் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிலருக்கு ஐஜிஏவே உடலில் உருவாகாது. அவர்களுக்குச் சீலியாக் இருந்தாலும் முதல் பரிசோதனை இல்லை என்றே காட்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஐஜிஜி வகைப் பரிசோதனை வேண்டும். குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இரத்தம் எடுப்பதே முறை. நீங்கள் மூன்று வாரம் முன்பே நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, இந்த வாரமே இரத்தம் எடுத்துவிடுங்கள். உண்மையான சீலியாக்கில் ஆன்டிபாடி இறங்க மாதக்கணக்கில் ஆகும், ஆகவே மூன்று வாரத்துக்குப் பிறகும் அது கண்ணில் பட நல்ல வாய்ப்பு உண்டு. இப்போது பாசிடிவ் என்று வந்தால் அதற்கு மதிப்பு உண்டு. நெகடிவ் என்று வந்தால் கதவை மூடிவிட முடியாது. தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் கோதுமை கொடுத்து, குறைந்தது ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இதற்கு நடுவில் ஹெச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனை செய்ய வசதி இருந்தால் அதுவும் உதவும். உணவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் இல்லை என்று வந்தால் சீலியாக் கிட்டத்தட்ட இல்லை என்று முடித்துவிடலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் ஒன்றும் உறுதியாகாது, நோயில்லாத பலரும் அந்த மரபணுக்களைச் சுமக்கிறார்கள். பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது சீலியாக் இருந்தால், அல்லது அவனுக்கு டவுன் சிண்ட்ரோம், முதல் வகை நீரிழிவு, தைராய்டு எதிர்ப்பாற்றல் கோளாறு இருந்தால் ஐயத்தைக் கூட்டி வையுங்கள். உணவு ஒவ்வாமை பார்க்கிறோம் என்று நூறு உணவுகளுக்கு ஐஜிஜி அளந்து பட்டியல் தரும் பரிசோதனைகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அந்த ஐஜிஜி காட்டுவது அந்த உணவை அவன் சாப்பிட்டிருக்கிறான் என்பதைத்தான். அந்தப் பட்டியலை நம்பிப் பாலையும் முட்டையையும் நிறுத்தினால், 12 கிலோ 11 ஆகும்.

கோதுமை ஒவ்வாமை வேறு விஷயம். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, முக வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று வருவது அது. உங்கள் விவரத்தில் அப்படி எதுவும் இல்லை.

இனி எடைக்கு வருகிறேன். ஆறு வயதுச் சிறுவனின் நடுமதிப்பு எடை ஏறக்குறைய 20 கிலோ. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 14 கிலோவுக்கு அருகிலேயே மிகக் கடுமையான குறைவுக்கான கோடு போகிறது. 12 கிலோ அதற்கும் கீழே. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கென்றே தனி வளர்ச்சி அட்டவணைகள் இருக்கின்றன, அதில் வைத்துப் பார்த்து "இவனைப் போன்றவர்களுக்கு இது சாதாரணம்தான்" என்று யாராவது சொல்லலாம். அந்த அட்டவணைகள் இப்படிப்பட்ட பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதைக் காட்டுகின்றன. எப்படி வளர வேண்டும் என்பதைக் காட்டவில்லை, ஏனென்றால் அவற்றில் சேர்ந்த பிள்ளைகளில் பலர் பட்டினியாகவே இருந்தவர்கள். அதனால்தான் ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய், ஊட்டச்சத்துச் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சத்துக்குறைவைக் கண்டுபிடிக்க இந்த அட்டவணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. எடையோடு சேர்த்து மேற்கையின் பின்புறத் தோல்மடிப்பையும் கைச் சுற்றளவையும் பார்க்கச் சொல்கிறது.

உயரம் அளப்பதில் நிறைய பிழை நடக்கிறது. முழங்காலும் முதுகும் வளைந்த குழந்தையைப் படுக்கவைத்து நாடா இழுத்தால் வரும் எண் பொய்யானது. முழங்காலையும் கணுக்காலையும் செங்கோணத்தில் மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேலே தொடையின் மேற்பரப்பு வரை அளவெடுங்கள். அந்தச் சென்டிமீட்டரை 2.69ஆல் பெருக்கி 24.2 கூட்டினால் உத்தேச உயரம் கிடைக்கும். உதாரணத்துக்கு அந்த அளவு 28 சென்டிமீட்டர் என்றால் உயரம் ஏறத்தாழ 99.5 சென்டிமீட்டர். இந்தச் சூத்திரம் 2 முதல் 12 வயது வரை பொருந்தும். சில சென்டிமீட்டர் முன்பின் இருக்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் அதே காலில், ஒரே ஆள் அளப்பது நல்லது. எடைக்கு, நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியாக ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். காலையில், சாப்பாட்டுக்கு முன், ஒரே மாதிரி உடையில். மலம் போவதற்கு முன்னும் பின்னும் கால் கிலோவுக்கு மேல்கூட மாறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எவ்வளவு உணவு? நடக்காத குழந்தைக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 11 கலோரி, நடக்கும் குழந்தைக்கு 14 கலோரி என்பது தொடக்கக் கணக்கு. 5 முதல் 11 வயதுவரை இதைப் பயன்படுத்தலாம். 99.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நாளைக்கு 1,100 கலோரி வரும். இது தொடங்கும் இடம் மட்டுமே. கை கால் ஓயாமல் முறுக்கிக்கொண்டு அசையும் குழந்தைக்கு இதைவிட நிறையத் தேவைப்படலாம், அசைவே இல்லாதவனுக்குக் குறைவாகவே போதும். எடை குறைந்தவனுக்குப் பழைய குறையை ஈடுகட்ட மேலும் வேண்டும். மாதத்தில் எடை ஏறவில்லையானால் பத்தில் ஒரு பங்கு கூட்டிப் பாருங்கள். இப்போது அவன் எவ்வளவு சாப்பிடுகிறான் என்பதை மூன்று நாள் எழுதிப் பாருங்கள். தட்டில் வைத்ததை எழுதாமல், வாயோரம் வழிந்ததையும் துணியில் துடைத்ததையும் கழித்து, உள்ளே போனதை எழுதுங்கள். ஒரு மணி நேரம் ஊட்டியும் பாதி வெளியே வந்துவிடுவது இந்தப் பிள்ளைகளிடம் வழக்கமாக நடப்பது. நீங்கள் எவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்பதை அந்தக் குறிப்பு காட்டும். அதோடு, பாடுபட்டும் ஏன் எடை ஏறவில்லை என்பதையும் காட்டும்.

வயிற்றில் இடம் குறைவு, நேரமும் குறைவு. அதனால் அளவைக் கூட்டாமல் அடர்த்தியைக் கூட்ட வேண்டும். நீர்த்த கஞ்சி 100 மில்லியில் 50 கலோரிகூட இருக்காது. ஒரு மில்லிக்கு ஒரு கலோரி என்ற இடத்துக்கு அதைக் கொண்டுவரப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 முதல் 45 கலோரி. ஐந்து வேளைக்கு ஒவ்வொரு தேக்கரண்டி சேர்த்தால் ஒரு வாய்கூடக் கூடாமல் 200 கலோரி ஏறிவிடும். பால்பொடி, முட்டை, நைஸாக அரைத்த பருப்பும் கொட்டைகளும் புரதத்தையும் சேர்த்துத் தரும். எண்ணெயை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு காலியாகத் தாமதமாகி எதுக்களிப்பு கூடும், அதனால் நாலு நாளைக்கு ஒரு வேளை என்ற கணக்கில் கூட்டுங்கள். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. இவ்வளவு மெலிந்த குழந்தைக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயம்வரை ஆபத்து வரலாம். உணவைக் கூட்டத் தொடங்கும் முன் மருத்துவர் இவற்றைப் பார்க்க வேண்டும், முதல் இரண்டு வாரம் படிப்படியாகவே ஏற்ற வேண்டும்.

விழுங்குவதைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் கவலை தருவது அந்த வரிதான். சாப்பாடு தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேல் போவதே கவனிக்க வேண்டிய அடையாளம். இருமல் வந்தால் நல்லது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் சிலருக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமலே வராது. சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, கண்ணில் நீர் வருவது, காரணமில்லாத காய்ச்சல், அடிக்கடி நெஞ்சில் சளி, இவைதான் அங்கே சாட்சி. விழுங்குவதை எக்ஸ்ரே காணொளியாக எடுத்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் இருக்க, பாதம் எதன்மீதாவது ஊன்றியிருக்க, தலை சற்று முன்னால் சாய்ந்து தாடை கீழ்நோக்கி இருக்க ஊட்டுங்கள். அண்ணாந்த கழுத்தில் ஊற்றுவது மூச்சுக்குழாயைத் திறந்துவைத்து ஊற்றுவதற்குச் சமம். தட்டையான கரண்டியைக் கீழ் உதட்டில் வைத்து, மேல் உதடு எடுக்கும்வரை காத்திருங்கள், மேற்பல்லில் தேய்த்து எடுக்காதீர்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். தண்ணீருக்குத்தான் அதிகம் புரை ஏறுகிறது என்றால், எந்த அளவுக்குக் கெட்டியாக்க வேண்டும் என்று விழுங்கல் பயிற்சி தரும் தெரபிஸ்ட் சொல்வார். வீட்டில் அதைச் சரிபார்க்க ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும். அடித்தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் மூடி 10 மில்லி நிரப்பி, பத்து விநாடி ஒழுகவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ஒன்று முதல் நான்கு மில்லி நின்றால் இலேசான கெட்டி, நான்கு முதல் எட்டு நின்றால் மிதமான கெட்டி, எட்டுக்கு மேல் நின்றால் இன்னும் ஒரு படி மேல். சிரிஞ்சின் குழல் நீளம் மாறினால் கணக்கு மாறும், பூஜ்யத்திலிருந்து 10 மில்லி வரை 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட் வாங்கித் தருவதாக எழுதியிருந்தீர்கள். அவற்றை உடனே நிறுத்துங்கள். மாவைப் பிணைத்து வைப்பது குளூட்டன்தான், அது இல்லாத ரொட்டி வாயில் தூளாக உதிரும். உதிரும் உணவு இப்படிப்பட்ட குழந்தைக்கு மிகவும் ஆபத்து. போதாததற்கு அவற்றில் பலவற்றில் நார்ச்சத்தும் இரும்பும் குறைவு, மலச்சிக்கல் கூடும்.

மலச்சிக்கலுக்கு முதலில் தண்ணீர்க் கணக்கு. முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 மில்லி. 12 கிலோவுக்கு நாளைக்கு 1,100 மில்லி, பாலும் கஞ்சியில் உள்ள நீரும் சேர்த்து. எச்சில் வடியும் குழந்தைக்கு இன்னும் கொஞ்சம். பெரும்பாலான வீடுகளில், புரை ஏறும் பயத்தால் இதில் பாதிகூடப் போவதில்லை. மருந்தில் பாலிஎத்திலீன் கிளைகால் பொடி முதல் தேர்வு. தொடர்ந்து கொடுக்கக் கிலோவுக்கு 0.4 கிராமில் தொடங்குவது வழக்கம், 12 கிலோவுக்கு ஏறத்தாழ 5 கிராம். உள்ளே கட்டியாகத் தேங்கியிருந்தால் முதலில் சில நாட்கள் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம்வரை கொடுத்து வெளியேற்ற வேண்டும், அதை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலருக்கும் அது தெரிவதில்லை. இந்தப் பொடியை மாவுச்சத்து வகைக் கெட்டியாக்கியோடு கலந்தால் கெட்டி உடைந்து மறுபடி தண்ணீராகிவிடும். கெட்டியாக்கப்பட்டது என்று நம்பி ஊட்டுவீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கும். கெட்டியாக்கி எந்த வகை என்று டப்பாவில் பார்த்துவிட்டு, கலந்தபின் சிரிஞ்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெய் மருந்தை வாய்வழியே கொடுக்கவே வேண்டாம். புரை ஏறும் குழந்தைக்கு அது நுரையீரலில் இறங்கி, எளிதில் ஆறாத நிமோனியா வரும்.

சத்துகளில் வைட்டமின் டி, கால்சியம், இரும்பு, துத்தநாகம், ஃபோலேட், பி12 ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நிற்காத எலும்பு தானாகவே மெலியும். ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டல், கார்பமாசபைன் போன்ற வலிப்பு மருந்துகள் வைட்டமின் டியைக் கரைக்கும், வால்ப்ரோயேட் கொழுப்பை ஆற்றலாக்க உதவும் கார்னிட்டினைக் குறைக்கும், டோபிராமேட் பசியைக் குறைக்கும். டயப்பர் மாற்றும்போது காலைத் திருப்பினாலே தொடை எலும்பு முறியும் அளவுக்குப் போன பிள்ளைகள் உண்டு. உணவை மாற்றியதால் வலிப்பு குறைந்துவிட்டது என்று தோன்றினாலும் மருந்தைத் தொடாதீர்கள்.

சீலியாக் இல்லை என்று உறுதியாகி, அதன்பின்னும் கோதுமை இல்லாமல் இருந்துபார்க்க விரும்பினால், அதை ஒழுங்காகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள், இல்லையேல் எதால் எது என்று தெரியாது. பிறகு இரண்டு வாரம் ஒன்றையும் மாற்றாமல் தினமும் எழுதுங்கள்: இரவில் எத்தனை முறை விழித்தான், சாப்பாடு எத்தனை நிமிடம், எத்தனை முறை இருமினான், மலம் எப்படி, வலிப்பு எத்தனை. பிறகு நான்கு வாரம் கோதுமை இல்லாமல். அதே பதமும் அதே கலோரியும் உள்ள வேறு தானியம் வைக்க வேண்டும், கட்டி ரொட்டிக்குப் பதில் கஞ்சி வைத்தால் சோதனை பொய்யாகிவிடும். பிறகு இரண்டு வாரம் மறுபடி கோதுமையுடன். இறுக்கத்தை நீங்கள் மதிப்பிட வேண்டாம். நம்பிக்கையோடு பார்க்கும் கண்ணுக்கு முன்னேற்றம் தெரியத்தான் செய்யும், எந்தப் பெற்றோருக்கும் அப்படித்தான். எந்த வாரம் எது என்று சொல்லாமல் பிசியோதெரபிஸ்டிடம் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் எடுத்த காணொளிகளைக் கொடுங்கள். இந்தக் காலத்தில் இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தின் அளவு மாறினாலோ பொட்டுலினம் ஊசி போட்டாலோ கணக்கு செல்லாது. எடை குறைந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். திரும்பக் கொடுக்கும்போது தொந்தரவும் திரும்பி, மறுபடி நிறுத்தும்போது போனால், அவனுக்கு அதை நிறுத்துவதில் நியாயம் இருக்கிறது, காரணம் குளூட்டனாக இருந்தாலும் ஃப்ரக்டனாக இருந்தாலும்.

சீலியாக் உறுதியானால் கதை முற்றிலும் வேறு. அப்போது வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் ஒரு துளியும் உள்ளே போகக்கூடாது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால்தான் குளூட்டன் இல்லாதது என்று சொல்ல முடியும், நாளைக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து போனாலே குடல் சேதமாவது தெரியும். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு சிறிய அளவு என்று புரியும். ரவை, மைதா, சேமியா எல்லாம் கோதுமைதான். மால்ட் கலந்த சத்துப் பானங்கள் பார்லியிலிருந்து வருபவை, எடை ஏற்றக் கொடுக்கும் பானத்திலேயே அது ஒளிந்திருக்கும். ஓட்ஸ் அரைக்கும் இடத்தில் கோதுமை கலந்துவிடும். சல்லடையும் மாவு டப்பாவும் தனியாக வேண்டும். மருந்து மாத்திரைகளில் சேர்க்கும் ஸ்டார்ச் எதிலிருந்து வந்தது என்று மருந்தாளரிடம் கேளுங்கள். கைப்பயிற்சிக்குக் கொடுக்கும் வண்ண விளையாட்டு மாவில் பல கோதுமையால் ஆனவை. விரல் வாய்க்குப் போகும் குழந்தைக்கு அதுவும் உணவுதான்.

உணவையோ மருந்தையோ மாற்றினால் உண்மையிலேயே திரும்பி வரும் சில நோய்கள் பெருமூளை வாதம் என்ற பெயரில் வருடக்கணக்கில் மறைந்திருப்பதும் உண்டு. பிரசவத்தில் எந்தச் சிக்கலும் இல்லை, எம்ஆர்ஐயில் காயம் தெரியவில்லை, மாலையில் இறுக்கம் கூடிக் காலையில் குறைகிறது, அல்லது கற்றதை மறந்து பின்னால் போகிறான் என்றால், நரம்பியல் மருத்துவரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். மாலையில் மோசமாவது டோபா மருந்துக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியாவாக, அதாவது தசை தானாக முறுக்கிக்கொள்ளும் கோளாறாக, இருக்கலாம். வெறும் வயிற்றில் வலிப்பு கூடுவது, மூளைக்குள் சர்க்கரை சரியாகப் போகாத குளூட்1 குறைபாடாக இருக்கலாம், அதற்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவே சிகிச்சை. கால் இறுக்கம் மெல்லக் கூடிக்கொண்டே வந்து, புரதம் அதிகமானால் சோர்வும் வாந்தியும் வருவது, புரதக் கழிவை உடல் சரியாக அகற்ற முடியாத ஆர்ஜினேஸ் குறைபாடாக இருக்கலாம். பயோட்டின் என்ற வைட்டமினை உடல் சரியாகப் பயன்படுத்த முடியாத பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்குப் பயோட்டின் மாத்திரையே போதும். இவை அரிது. ஆனாலும் உணவால் இறுக்கம் தளரும் என்ற நம்பிக்கையைத் தேட வேண்டிய இடம் இதுதான்.

குழந்தையை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். மேலே உள்ள எண்கள் எல்லாம் நீங்கள் சொன்ன 12 கிலோவையும் நான் எடுத்துக்கொண்ட 28 சென்டிமீட்டரையும் நம்பியவை. அவனுடைய முழங்காலை நீங்கள் அளந்தால் கணக்கு மாறும். குழாய் வழியே வயிற்றுக்கு உணவு தர வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அதை உங்கள் தோல்வி என்று எண்ணாமல் விழுங்கல் பரிசோதனை முடிவோடு உட்கார்ந்து பேசுங்கள். வாயில் ருசிக்கச் சிறிது, சத்துக்குக் குழாய் என்று இரண்டும் சேர்ந்து போகலாம். காய்ச்சலோடு மூச்சு வேகமானால், பச்சை நிறத்தில் வாந்தி வந்தால், வயிறு கல்லாக உப்பினால், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

இரத்தம் எடுத்த மறுநாளே கோதுமையைத் திரும்பக் கொடுக்கலாம், பரிசோதனை பாசிடிவ் என்று வரும்வரை. ரொட்டியாக வேண்டாம். ரவையைப் பாலில் நன்றாகக் குழைய வேகவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ கலந்து, கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக ஒரே திரளாகச் சரியும் பதத்தில் கொடுங்கள். முதல் நாள் இரண்டு கரண்டி, வாரக் கடைசிக்குள் இரண்டு வேளை. எத்தனை நிமிடத்தில் சாப்பிட்டான், அன்றிரவு எப்படித் தூங்கினான் என்று எழுதி வையுங்கள். அதே கோதுமை குழைந்த பதத்தில் போகும்போதும் நன்றாகத் தூங்கினால், மூன்று வாரமாக அவனுக்கு நிம்மதி தந்தது கோதுமை இல்லாமை இல்லை, சாப்பாட்டின் பதம்தான் என்று ஏறத்தாழ தெரிந்துவிடும்.